பழைய கேமன் ஒன்று வாங்கியிருக்கிறேன். போர்ஷே கிளப்பில் சேர்ந்தால் முதலில் எதற்குப் போக வேண்டும்?

எடிசன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஆறு வாரங்களுக்கு முன்பு 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான போர்ஷே கேமன் ஒன்றைப் பழைய காராக வாங்கினேன். ‘எஸ்’ வகை அல்ல. 275 குதிரைத்திறன் கொண்ட 2.7 லிட்டர் இன்ஜினும் கையால் மாற்றும் ஆறு கியர்களும் உள்ள அடிப்படை வகை. 43,000 மைல் ஓடியிருக்கிறது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயத்துக்கு அப்பா என்னை அழைத்துப் போயிருந்தார். வெயிலில் நின்றபடி கேட்ட அந்த இன்ஜின் சத்தம் இத்தனை ஆண்டுகளாக மனத்தில் இருந்ததால்தான், மகளின் கல்லூரிக் கட்டணம் முடிந்த கையோடு இந்தக் காரை வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

வாங்கிய பிறகுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது புரிகிறது. அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் ஓட்டுவதற்கு இந்தக் கார் தேவையில்லை. இதை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லித்தர எனக்கு ஆளும் இல்லை. போர்ஷே கிளப் ஆஃப் அமெரிக்காவில் சேரலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற, வசதியான வெள்ளையர்கள் என்றும், பழைய கேமனை எடுத்துக்கொண்டு நம்மவர் ஒருவர் தனியாகப் போனால் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும் என்றும் அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? விருந்து, காட்சி, சுற்றுலா, பந்தயத் தடத்தில் பயிற்சி என்று பலவகை நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. புதிதாகச் சேர்பவர் எதில் தொடங்குவது நல்லது? தடத்தில் ஓட்டினால் கார் கெட்டுவிடும் என்று என் மனைவி அஞ்சுகிறார். அந்த அச்சம் எனக்கும் இல்லாமல் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

பக்ஸ்_கவுண்டி

வணக்கம் ஐயா, கார் வாங்கியதற்கு வாழ்த்துகள். நான் பென்சில்வேனியாவில், ரீசன்டோட்டர் என்ற பிலடெல்பியா பகுதிக் கிளையில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினர். என்னிடம் இருப்பது 2002ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர்.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கூட்டங்களில் நரைத்த தலைகள் அதிகம் என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு உதவாது. ஆனால் ஓரமாக நிற்க வேண்டியிருக்கும் என்பது என் அனுபவத்தில் உண்மையில்லை. முதல் மூன்று மாதங்கள் நான் ஓரமாக நின்றேன். ஏனென்றால் நானாகவே ஓரத்தில் போய் நின்றேன். நான்காவது மாதம் ஒரு பயிற்சி நாளின் வாயிலில் கார்களைப் பதிவுசெய்ய ஆள் போதவில்லை என்று கேட்டார்கள். கையை உயர்த்தினேன். அன்று மாலைக்குள் நாற்பது பேருக்கு என் பெயர் தெரிந்திருந்தது, அவர்களில் பாதிப் பேரின் கார் எனக்கும் தெரிந்திருந்தது. இந்தக் கிளப்பில் கிளை நிகழ்ச்சிகளை நடத்துபவர்கள் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர், எல்லோரும் தொண்டர்கள். ஆகவே வேலைக்குத் தோள் கொடுப்பவரிடம் எந்த மாடல் என்று யாரும் கேட்பதில்லை.

உங்கள் கார் எந்த மாடல் என்ற தயக்கமும் வேண்டாதது. 1955இல் வாஷிங்டன் பகுதியில் பில் ஷோலர் என்பவர் இந்தக் கிளப்பைத் தொடங்கியபோது, போர்ஷே என்றாலே 356 என்ற சிறிய நான்கு சிலிண்டர் கார்தான். அந்தக் காலத்து அமெரிக்காவில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்பதால், ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லித்தருவதற்காகத்தான் உரிமையாளர்கள் கூடினார்கள். அடுத்த ஆண்டே ‘பரேட்’ என்ற தேசிய ஆண்டுக்கூட்டத்தையும் தொடங்கிவிட்டார்கள். கூடிக் கற்றுக்கொள்ளும் அந்தப் பழக்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் எதுவென்றால், கிளைகள் குளிர்காலத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் நடத்தும் தொழில்நுட்ப அமர்வு. உங்கள் முதல் நிகழ்ச்சியாக அதையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காப்பியும் டோனட்டும் இருக்கும், ஒரு கார் லிஃப்டில் ஏற்றப்பட்டிருக்கும், அதைச் சுற்றி இருபது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் யாருடனும் பேச்சைத் தொடங்க நீங்கள் தனியாக முயல வேண்டியதே இல்லை.

என் கதையைச் சொன்னால் விளங்கும். என் பாக்ஸ்டரின் தலைமுறை இன்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்ற ஒரு சிறு உறுப்பு உண்டு. அது தேய்ந்து உடைந்தால் இன்ஜினே போய்விடும். இணையத்தில் அதைப் பற்றிப் படித்துப் படித்து, வாங்கிய காரை ஓட்டவே பயந்து இரண்டு மாதம் கராஜில் பூட்டி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அமர்வில், கழற்றி எடுத்த அத்தகைய பேரிங் ஒன்றை மேசைமேல் வைத்து, அதைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்கிடையே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பது எப்படி என்று எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டினார். அச்சம் அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அஞ்சியபடி என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. உங்கள் காரின் இன்ஜினில் அந்தப் பேரிங்கே கிடையாது என்பதால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

உங்கள் காருக்கு இந்த இலையுதிர் காலத்திலேயே செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. முன் பம்பரில் இடமும் வலமும் உள்ள காற்றுத் துவாரங்களுக்குள் உதிர்ந்த இலைகள் நுழைந்து, ஏசி கண்டென்சருக்கும் அதன் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் இடையில் தங்கிவிடும். மழைநீரில் ஊறி மட்கி, சாலையில் போடும் உப்போடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது, சில ஆண்டுகளுக்குப் பிறகு ரேடியேட்டர் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. டயரின் பக்கவாட்டில் தேதிக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. குறைவாக ஓடிய கார்களில் டயரின் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டிப்போயிருக்கும்.

எடிசனிலிருந்து வடக்கு நியூ ஜெர்சிக் கிளை, ஜெர்சி ஷோர் கிளை இரண்டுமே எட்டும் தூரம்தான். எதில் பதிவுசெய்தாலும் மற்றக் கிளைகளின் நிகழ்ச்சிகளுக்கும் போகலாம்.

தண்டர்போல்ட்_மாணவி

வணக்கம் சகோதரரே. நான் செர்ரி ஹில்லில் இருக்கிறேன். 2010ஆம் ஆண்டு கேமன் எஸ் வைத்திருக்கிறேன். தொழில்நுட்ப அமர்வைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் காரை எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஏனென்றால் மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் அதே வரியை எழுதியவள்.

கிளப் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நாளைப் பந்தயம் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கே நேரம் கணக்கிடுவதில்லை, பரிசும் இல்லை. புதியவர்களைப் பச்சைக் குழுவில் சேர்ப்பார்கள்; தடத்துக்குள் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் வலப்பக்க இருக்கையில் ஒரு பயிற்றுநர் அமர்ந்திருப்பார். தலைக்கவசங்களுக்குள் ஒலிபெருக்கி வைத்து இருவரும் பேசிக்கொள்வீர்கள். ஒருவரை ஒருவர் முந்துவதும் நம் விருப்பப்படி அல்ல. அனுமதிக்கப்பட்ட நேரான பகுதிகளில் மட்டும், அதுவும் முன்னால் செல்பவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, எந்தப் பக்கம் முந்த வேண்டும் என்று காட்டிய பிறகே முந்தலாம். நெடுஞ்சாலை 287இல் மாலை ஐந்தரை மணிக்கு ஓட்டுவதைவிட ஒழுங்கான இடம் அது என்று மனத்தாரச் சொல்கிறேன்.

என் முதல் நாள் மில்வில்லில் உள்ள நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்கில், தண்டர்போல்ட் என்ற 2.25 மைல் தடத்தில் நடந்தது. காலையில் ஓட்டுநர் கூட்டம் கட்டாயம். தவறவிட்டால் ஓட்ட முடியாது. கொடிகளை அங்கே மறுபடி நினைவூட்டினார்கள்: மஞ்சள் என்றால் எச்சரிக்கை, முந்தக் கூடாது, கறுப்பு என்றால் பிட்டுக்கு, அதாவது தடத்தை ஒட்டிக் கார்களை நிறுத்தும் இடத்துக்கு, வர வேண்டும், சிவப்பு என்றால் பின்னால் வருபவர்களைக் கண்ணாடியில் பார்த்தபடி, பதறாமல் காரை நிறுத்த வேண்டும். பிறகு காரிலிருந்து தரைவிரிப்பு முதல் பேனா வரை உருளக்கூடிய பொருள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் வீதம் நான்கு முறை ஓட்டினோம், இடையிடையே வகுப்பு.

முதல் சுற்றில் என் பயிற்றுநர் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “கண் எங்கே பார்க்கிறதோ கை அங்கே போகும்” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் காரின் மூக்குக்கு முன்னால் உள்ள தாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ அடுத்த வளைவின் உள்முனையைப் பார், அதை நெருங்கும்போதே வெளியேறும் இடத்தைப் பார் என்றார். இரண்டாம் சுற்றில் பிரேக்: நேராக இருக்கும்போதே உறுதியாக அழுத்தி முடித்துவிட வேண்டும், அதன் பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பதினைந்து ஆண்டுகள் இந்த நாட்டில் கார் ஓட்டியிருந்தும், பிரேக்கை முழுமையாக அழுத்தினால் கார் எப்படி நிற்கும் என்பதை அன்றுதான் நான் முதன்முதலாக அறிந்தேன்.

மூன்றாம் சுற்றில் நடந்ததை நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒரு வளைவுக்குள் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றியதும் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்துவிட்டேன். சாதாரணக் காரில் அதுதான் இயல்பான எதிர்வினை. ஆனால் அப்படி எடுக்கும்போது எடை முன்சக்கரங்களுக்குப் பாய்ந்து, பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. நம் கார்களில் இன்ஜின் நடுவில் இருப்பதால், திரும்பத் தொடங்கிய கார் பம்பரம் போல விரைவாகத் திரும்பிவிடுகிறது. “இரண்டு காலும் உள்ளே” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினேன். கார் புல்லில் பின்னோக்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிட்டுக்குப் போய்க் காரைப் பரிசோதித்தார்கள், என்ன நடந்தது என்று என்னையே விளக்கச் சொன்னார்கள், பிறகு மீண்டும் அனுப்பினார்கள். இதே தவறு மழைநாளில் நெடுஞ்சாலையின் வெளியேறும் வளைவில், பின்னிருக்கும் லாரிகளுக்கு நடுவே எனக்கு நடந்திருக்கக் கூடும் என்பதை நினைத்தால், அந்தப் புல்வெளிக்கு நான் கொடுத்த கட்டணம் ஒரு பொருட்டே இல்லை.

காரைத் தயார்செய்வதில் இரண்டு செய்திகள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். தடத்தின் வெப்பத்தில் அது கொதித்தால் மிதி தரைவரை இறங்கிவிடும். ஆகவே நிகழ்ச்சிக்கு முன் புதிதாக மாற்றிவிடுங்கள். எத்தனை மாதங்களுக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்பது, நிகழ்ச்சிக்கு முன் காரைப் பரிசோதிக்கும் படிவத்திலேயே இருக்கும். ஓட்டி முடித்து நிறுத்தும்போது கைப்பிரேக் போடாதீர்கள். பின்பக்க பிரேக் ஆறும் முன்பே அது கவ்விக்கொண்டிருக்கும். கியரில் விட்டால் போதும். தலைக்கவசம் வாங்குவதானால், தலைக்கவசங்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் ‘எஸ்ஏ’ தரம் உள்ளதாகப் பாருங்கள்; மோட்டார் சைக்கிளுக்கான ‘எம்’ தரத்தில் தீத்தாங்கும் சோதனை கிடையாது. முதல் முறைக்கு இரவல் கிடைக்குமா என்று கிளையில் கேட்டுப் பார்க்கலாம்.

மலைப்பாதை

நான் சற்று மாறுபட்ட அனுபவம் உள்ளவன் என்பதால் எழுதுகிறேன். சேர்ந்த முதல் ஆண்டில் விருந்துகளுக்கும், காரைத் துடைத்து வரிசையில் நிறுத்தும் காட்சிக்கும் மட்டுமே போனேன். ஒரு காட்சியில், என் காரின் பெயிண்டில் இருந்த கல்லடித் தழும்புகளைச் சுட்டிக்காட்டி, இதையெல்லாம் இங்கே கொண்டுவர வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சொல் சுட்டது. அடுத்த ஆண்டு சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. ஆகவே எல்லோரும் அன்பானவர்கள் என்று மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். எங்கும் நான்கு வகை மனிதர்கள் உண்டு. காட்சியில் மதிப்பெண் போடுபவர்கள் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்க்கும் அளவுக்குப் போவார்கள். அது ஒரு தனிக் கலை, அதில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு அது பெருமகிழ்ச்சி. தினமும் ஓட்டும் காருக்கு அது இடமல்ல.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நண்பரின் வற்புறுத்தலால் கூட்டுப்பயணத்துக்குப் போய், அதன் பிறகுதான் எனக்கான இடத்தைக் கண்டேன். டெலாவேர் ஆற்றை ஒட்டி, போர்ட் ஜெர்விஸுக்கு மேலே 97ஆம் எண் சாலையில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற வளைவுகள் இருக்கின்றன. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தில் ஆறு. அக்டோபர் மாதத்தில் பதினைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். புறப்படும்போதே டேங்க் நிரம்பியிருக்க வேண்டும். திருப்பங்களில் பின்னால் வருபவர் உங்களைப் பார்த்துவிட்டாரா என்று உறுதிசெய்த பிறகே திரும்ப வேண்டும். சாலை விதிகள் எல்லோருக்கும் பொது. பந்தயத் தடம் எல்லோருக்கும் உரியதல்ல. உங்கள் மனைவியாரையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு பயணம் போய்வாருங்கள், பிறகு மற்றதை முடிவுசெய்யலாம்.

எடிசன்வாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தழும்புகளைப் பற்றிய செய்தியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனாலும் அதை மறைக்காமல் எழுதியதற்காகத் தனியாக நன்றி சொல்ல விரும்புகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மிச்சம். தடத்தில் கார் சேதமடைந்தால் நம் வழக்கமான காப்பீடு ஏற்குமா? மனைவிக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டுமா?

தண்டர்போல்ட்_மாணவி

இரண்டாவதற்கு எளிய விடை: ஓர் உறுப்பினர் கட்டணத்திலேயே குடும்பத்தினர் அல்லது நண்பர் ஒருவரை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம், கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. அவருக்கு விருப்பமிருந்தால் அவரும் பயிற்சி நாளில் பதிவுசெய்து ஓட்டலாம். என் கிளையில் கணவரைவிட மனைவி நன்றாக ஓட்டும் இணைகள் மூன்று எனக்குத் தெரியும்.

காப்பீட்டில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பல, பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தை, பயிற்சியாக இருந்தாலும், வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் ‘விலக்குகள்’ என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்வதை நம்பிவிடாதீர்கள். நிகழ்ச்சிக்காகக் கிளப் எடுக்கும் காப்பீடு பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பொறுப்பு பற்றியது. உங்கள் தகரத்துக்கு அல்ல. ஒரு வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் தடக் காப்பீடு தனியாகக் கிடைக்கிறது. காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, சேதம் நேர்ந்தால் அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை நாம் ஏற்க வேண்டியிருக்கும். இரும்புத் தடுப்பில் மோதினால் அதைச் செப்பனிடும் செலவையும் ஓட்டியவரிடமே கேட்கும் தடங்கள் உண்டு. நான் இன்றுவரை ஒரு முறைகூடத் தடக் காப்பீடு இல்லாமல் வாயிலைத் தாண்டியதில்லை.

உடனே பெரிய தடத்துக்குப் போக மனம் ஒப்பவில்லையென்றால் ஆட்டோகிராஸ் முயன்று பாருங்கள். பரந்த வாகன நிறுத்துமிடத்தில் கூம்புகளை அடுக்கி ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டாவது கியரைத் தாண்டாது. அங்கே நேரம் கணக்கிடுவார்கள் என்றாலும், மோதினால் விழுவது ரப்பர்க் கூம்பு மட்டுமே.

பக்ஸ்_கவுண்டி

ஒன்றைச் சேர்க்கிறேன். சக்கரத்து போல்ட்டுகளின் இறுக்கத்தை, அதை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். உங்கள் தலைமுறைக் கேமனுக்கு 160 நியூட்டன் மீட்டர். என் பாக்ஸ்டருக்கு 130. பரிசோதனை நாளில் பழைய கார்க்காரர்கள் பழக்கத்தில் 130 என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் உங்கள் எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

எடிசன்வாசி

எல்லோருக்கும் வணக்கம். இந்த இழையைத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. நடந்ததைத் தெரிவிப்பது கடமை என்பதால் எழுதுகிறேன். நானும் மனைவியும் இணைந்து உறுப்பினராகிவிட்டோம். என் காப்பீட்டு ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில், “எந்த நோக்கத்துக்காகவும் பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட இடத்தில்” நேரும் சேதம் விலக்கப்பட்டிருக்கிறது என்ற வரியைக் கண்டேன். நீங்கள் சொல்லாவிட்டால் படித்திருக்க மாட்டேன்.

கடந்த சனிக்கிழமை தொழில்நுட்ப அமர்வுக்குப் போயிருந்தோம். முன் பம்பரைக் கழற்றிக் காட்ட ஒரு கார் வேண்டும் என்றார்கள். யாரும் பேசாததால் என் காரைத் தருகிறேன் என்றேன். வலப்பக்க ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து இரண்டு கை நிறைய மட்கிய மேப்பிள் இலைகளும் ஒரு பேரங்காடிப் பையின் கிழிசலும் வந்தன. கண்டென்சரின் கீழ் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இன்னும் ஒழுகவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒருவர் தம்மிடமும் இதே ஆண்டுக் கேமன் இருப்பதாகச் சொல்லி, அடுத்த வாரம் தம் வீட்டுக் கராஜிலேயே அதைக் கழற்றப்போவதாகவும், நான் வந்து கூட நிற்க முடியுமா என்றும் கேட்டார். போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வசந்த காலத்தின் முதல் பயிற்சி நாளில் பச்சைக் குழுவுக்குப் பதிவு தொடங்கியதும் இரண்டு பெயர்கள் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறார்.